ஓதம் ஏறிய சுவருக்கும் அட்வான்ஸில் பிடிப்பார்களா?

கேள்வி: கூறைநாட்டுக் குடித்தனம்

வணக்கம். மயிலாடுதுறை கூறைநாட்டில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை ஆவணி முதல் வாரத்தில் காலி செய்தோம். என் கணவருக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல். ஆனியிலேயே கிளம்பியிருக்கலாம். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று மாமியார் சொன்னதால் ஒரு மாதம் கூடுதலாக வாடகை கொடுத்து இருந்தோம். வாடகை 7,500, அட்வான்ஸ் 40,000.

ஓனர் ஐயாவும் அம்மாவும் பக்கத்துப் போர்ஷனில்தான் இருக்கிறார்கள். நான்கு தீபாவளிக்கும் பலகாரம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். என் மகன் நடை பழகியதே அவர்கள் திண்ணையில்தான். சாவியைக் கொடுத்தபோது ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து சென்னையில் இருக்கும் அவர் மகன் வாட்ஸப்பில் கணக்கு அனுப்பினார். வீடு முழுக்க பெயின்ட் 14,000, கூடத்துத் தரை 4,500, வாஷ்பேசின் 3,200, சமையலறை மேடைக் கறை 1,500. ஆக 23,200 போக மீதி 16,800 தருவார்களாம்.

எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தரை உடைந்தது எங்களால்தான். கேஸ் போட வந்த பையன் சிலிண்டரை நிலைப்படியைத் தாண்டி இறக்கியபோது சிவப்புத் தரையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெயர்ந்தது. அன்றைக்கே பூசியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். என் மகன் அதையே நோண்டி நோண்டி இப்போது உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. வாஷ்பேசினிலும் மேலே மாட்டியிருந்த எங்கள் கண்ணாடி விழுந்து முடி மாதிரி ஒரு கீறல்.

ஆனால் அந்தச் சுவர்! மேற்குச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் பெயின்ட் பொரிந்து கொட்டுகிறது. நாங்கள் குடிபோன முதல் ஐப்பசியிலேயே ஆரம்பித்தது. கையை வைத்துத் தடவினால் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டும் அதன் பின்பக்கம் துருப்பிடித்துவிட்டது. மூன்று தடவை ஐயாவிடம் சொன்னேன். "மழை நிக்கட்டும்மா" என்பார். "ஈரத்துணி காயப்போட்டதால் வந்தது" என்கிறார் மகன்.

பெரியவர்களிடம் சண்டை போட்டுக்கொண்டு போக மனமில்லை. அதற்காக 14,000 ரூபாயை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, இங்கே புது வீட்டுக்கு 60,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். எது எங்கள் பொறுப்பு, எது அவர்கள் பொறுப்பு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: திருவையாறு மேஸ்திரி

முப்பது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்வது ஓதம், சந்தேகமே வேண்டாம் தங்கச்சி. நம் பக்கம் வண்டல் மண். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அடியில் ஈரம் ஏறும், ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் அதை இழுத்துக்கொள்ளும். ஈரம் காயும்போது உப்பு வெளியே பூக்கும், பூக்கிற உப்பு பெயின்டைத் தள்ளிவிடும். இப்போது கட்டுகிற வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்கக் காங்கிரீட் பட்டை போடுகிறோம். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது இருக்காது.

துணி காயப்போட்டு வந்த ஈரமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துணி ஈரம் என்றால் மூலையிலும் மேலேயும் கரும்பூசணமாகப் படியும். தரையிலிருந்து ஒரே மட்டமாக, கோடு கிழித்த மாதிரி ஏறியிருந்தால் அது மண்ணிலிருந்து வருவது. சுவரின் வெளிப்பக்கத்தையும் போய்ப் பாருங்கள், அங்கேயும் அதே உயரத்துக்குப் பொரிந்திருக்கும்.

இன்னொன்றும் ஐயாவிடம் சொல்லுங்கள். அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்து, அதன் மேல் சிமென்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே போகும். அதன் மேல் 14,000 செலவில் பெயின்ட் அடித்தால் அடுத்த கார்த்திகைக்குள் கொட்டிவிடும். பூச்சைக் கொத்திவிட்டு வெயிலில் ஆறவிட வேண்டும். பங்குனிக்கு மேல் செய்கிற வேலை அது.

தரையை ஒட்டுப் போடலாம். உடைந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, சிமென்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து, கரணையால் மழமழவென்று தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் கட்ட வேண்டும். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் வேலை. பழைய நிறம் அப்படியே வராது. அம்பது வருடம் கால் பட்டுப் பட்டு வந்த பளபளப்பு அது. 4,500 அதிகம், 3,000 நியாயம்.

பதில்: குடந்தைக்காரி

நான் ஓனர் பக்கம். கும்பகோணத்தில் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் கணவர் போன பிறகு அந்த வாடகையில்தான் வீடு நடக்கிறது. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்திடம் இதே மாதிரி ஓதச் சுவருக்காக 6,000 ரூபாய் பிடித்தேன். அந்தப் பெண் கண் கலங்கிவிட்டுப் போனாள். அவர்கள் கவனக்குறைவுதான் என்று உறுதியாக நம்பினேன். நல்ல பெயின்டாக வாங்கி அடித்தேன். அடுத்து வந்தவர்கள் அந்தச் சுவரைத் தொடாமல் வைத்திருந்தார்கள், எட்டே மாதத்தில் அதே இடம், அதே உயரம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்பரைத் தேடிப் பிடித்து, பேசி, 6,000 ரூபாயையும் அனுப்பினேன். வட்டி சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

அதற்காக ஓனர்கள் எல்லாம் பணத்துக்கு அலைகிறவர்கள் என்று நினைக்காதீர்கள். ஏசி மாட்ட வெளிச்சுவரில் ஓட்டை போட்டுவிட்டு, அதில் துணியை அடைத்துவிட்டுப் போனவரும் என் வீட்டில் இருந்திருக்கிறார். அப்புறம் ஒரு உண்மை: உங்கள் 40,000 ஐயாவிடம் இப்போது ரொக்கமாக இருக்காது. மருந்துக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும். அடுத்த குடித்தனம் வந்தால்தான் கைக்கு வரும். மகன் கணக்கை ஏற்றி அனுப்புவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மகனிடம் வாட்ஸப்பில் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஐயாவையும் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடங்கள். முதலில் உங்கள் தப்பைக் காட்டுங்கள், தரையையும் பேசினையும். சுவரிடம் கடைசியாக வாருங்கள். நான் இப்போது குடிவரும் நாளிலேயே இப்படிச் சேர்ந்து நடந்து, எந்த ஓடு விரிசல், எந்தக் குழாய் ஒழுகல் என்று நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். போன பிறகு சண்டையே வருவதில்லை.

பதில்: தஞ்சை குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் வேலை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், கட்டடத்தின் பெரிய பழுதுகள் எல்லாம் ஓனர் பொறுப்பு. வாஷ்பேசின், குழாய், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே பேசினை நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும். சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு யாரும் பணம் பிடிக்க முடியாது. அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவிலும் இதே நியாயம் உண்டு. தேய்மானமும், மனிதரால் தடுக்க முடியாத இயற்கைச் சீற்றமும் குடியிருப்பவர் தலையில் விழாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது என் சித்தப்பா வேதாரண்யம் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார். பறந்துபோன ஓட்டுக்கு அவரிடம் பணம் கேட்டார்கள். இந்தப் பிரிவை எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

பேசித் தீராவிட்டால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் சுலபம். 14,000 ரூபாய்க்கு அங்கே போவதற்கு முன்னால் அந்த அம்மா சொன்ன டார்ச் வழியைப் பாருங்கள்.

கேட்டவர் மறுபடியும்: கூறைநாட்டுக் குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. மேடைக் கறையை நானே சோடாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துவிட்டேன், ஆணி ஓட்டை பதினொன்றையும் என் கணவர் ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்தார். தரைக்கு 3,000, பேசினுக்கு 3,200 நாங்களாகவே சொன்னோம்.

சுவருக்கு வந்தபோது ஐயாவை வெளிப்பக்கம் கூட்டிப்போனேன். மேஸ்திரி அண்ணன் சொன்னது போலவே அங்கேயும் இடுப்பு உயரம். ஐயா கைத்தடியால் லேசாகத் தட்டினார், ஒரு பாளம் அப்படியே அவர் காலடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா காலத்துலயே இது இருந்துச்சும்மா" என்றார். அம்மாதான் மகனுக்குப் போன் போட்டார்கள்.

ஆக 33,800 வர வேண்டும். 20,000 அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள். மீதி 13,800 ஐப்பசியில் புதுக் குடித்தனம் வந்ததும் தருவதாக ஐயா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வரப்போகிறவர்களிடம் சுவரைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பங்குனியில் கொத்துவதாகச் சொல்லியிருக்கிறார். திருவையாறு அண்ணன், உங்கள் நம்பரை எனக்குத் தனியாக அனுப்ப முடியுமா?