மணிக்கட்டு தொங்குகிறது, பிடியும் தளர்வு: ரெண்டு நரம்பும் போய்விட்டதா?

பிசியோ மாணவர்:
மேற்கை எலும்பு நடுவில் முறிந்த நோயாளி. மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை; மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கு என்று புரிகிறது. ஆனால் கைப்பிடியும் தளர்ந்திருக்கிறதே? விரலை மடக்குவது மீடியன், அல்நார் என்ற வேறு ரெண்டு நரம்புகள்தானே? அவையும் அடிபட்டிருக்குமா?

பதில் 1:
அவசரப்பட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீங்க. மணிக்கட்டு தொங்கும்போது விரல் மடக்கும் தசைகள் ஏற்கெனவே நீளம் குறைந்து கிடக்கும், மேலும் சுருங்க இடமில்லை. உங்க கையிலேயே பாருங்க: மணிக்கட்டை நன்றாகக் கீழே மடக்கி ஒரு பேனாவை இறுக்கிப் பிடிங்க. மற்ற கையால் சுலபமாக உருவிடலாம். நோயாளியின் மணிக்கட்டை 20–30 பாகை மேலே தூக்கித் தாங்கிக்கொண்டு மறுபடி சோதிங்க. பிடி திரும்பினால் அந்த ரெண்டு நரம்பையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பதில் 2:
சரியான விளக்கம். கூடவே ஒரு பொறி இருக்கு. ரேடியல் போனால் விரலின் அடிமூட்டு நிமிராது, நடு மூட்டும் நுனி மூட்டும் நிமிரும். அதைப் பார்த்து 'ரேடியல் பாதி பிழைத்திருக்கு' என்பார்கள். தப்பு, அது உள்ளங்கைச் சிறுதசைகளின் வேலை, அவற்றை இயக்குவது பெரும்பாலும் அல்நார். முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸ் தசை இயங்கினாலும் ஏமாறாதீங்க, அதற்கான ரேடியல் கிளைகள் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடும்.

மாணவர்:
தூக்கிப் பிடித்ததும் பிடி வந்தது, நன்றி. எவ்வளவு நாள் ஆகும்?

பதில் 1:
நரம்பிழை அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். முதலில் பிராக்கியோரேடியாலிஸ் (முழங்கையை மடக்க உதவும் முன்கைத் தசை) இயங்கும், கடைசியில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நிமிரும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்.