புதுப்பிப்பு: கும்பகோணம் வீட்டுத் தோட்டத்தில் பூக்காத சம்பங்கி, இப்போது பூக்கிறது

சம்பங்கி இலை புதராக வளர்கிறது, பூத்தண்டே வரவில்லை என்று பங்குனியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ‘தோண்டிப் பிரித்து நடுங்க’ என்ற யோசனைதான். உரம் ஏற்றச் சொன்னதைத் தொடவே இல்லை. தூர் முழுக்கக் கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, அதன் பக்கக் கிழங்குதான் பூக்கும். அதற்கு அங்கே இடமே இல்லை. நிழலில் ஒரு மாதம் உலர்த்தி, 25-30 கிராம் எடையுள்ளவற்றை ஆனியில் நட்டேன். நம்ம டெல்டா களிமண்ணில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும் என்பதால் மணல் கலந்த மேட்டுப்பாத்தி. ஐப்பசி மழையிலும் தாங்கியது, தண்டும் வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: ஓரத்தில் சும்மா ஊன்றிய பொடிக் கிழங்குகளும் எல்லாமே பிழைத்துவிட்டன. பூ இல்லை, இலை மட்டும். அடுத்த வருடம் பார்க்கலாம்.