மாரியோ: மாதா பெயரா, ரோமச் சாமி பெயரா?

காட்பாடிக்காரன்:
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. இத்தாலியிலிருந்து மெஷின் மாட்ட வந்தவர் பெயர் மாரியோ. பிடித்துப்போய், பையனுக்கு அதையே வைக்கலாம் என்று வீட்டில் சொன்னேன். மரியாவுக்கு ஆண்பால்தானே, மரியதாஸ் மாதிரி என்று மாமியாருக்கு ஒரே சந்தோஷம். இப்போது ஞானஸ்நானம் நெருங்கும்போது மச்சான் மார்ட்டின், "அது மார்ஸ் என்கிற ரோமப் போர்க் கடவுள் பெயர், வேண்டாம்" என்று குட்டையைக் குழப்புகிறார். எது சரி?

திருப்பத்தூர் வாத்தியார்:
மாமியார் சொல்வதை இத்தாலியர்களிலேயே பலர் நம்புகிறார்கள். ஆனால் மரியா, மிரியம் என்ற எபிரேயப் பெயர் வழி வந்தது. மாரியோவோ மாரியுஸ் என்ற ரோமக் குலப்பெயர். ரோமின் உச்ச ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் 7 முறை அமர்ந்த கையுஸ் மாரியுஸ் இறந்ததே கி.மு. 86-இல். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குலத்துப் பெண்களுக்கு ரோமில் மரியா என்றுதான் பெயர். மாதாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பின்னால்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

மாரியுஸ் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. மார்ஸ் என்கிறார்கள், ஆண் என்று பொருள்படும் 'மாஸ்' என்கிறார்கள், ரோமர்களுக்குப் பக்கத்தில் இத்தாலியில் வாழ்ந்த பழங்கால மக்களான எத்ருஸ்கர்களின் 'மரு' என்ற பதவிப் பெயர் என்கிறார்கள். மார்ஸ் எனக்கு ஒட்டவில்லை. அதிலிருந்து கிளைத்த மார்த்தியுஸ், மார்த்தீனுஸ் எல்லாவற்றிலும் 'த' நிற்கிறது. மாரியுஸில் அது எங்கே போனது? என் ஓட்டு எத்ருஸ்கர் பக்கம்.

ஆரணி அண்ணாச்சி:
அப்படியானால் போர்க் கடவுளைச் சுமப்பவர் உங்கள் மச்சான்தான்! மார்ட்டின் என்பதே அந்த மார்த்தீனுஸ். அவருக்குத் தண்ணீர் ஊற்றிய சாமியார் ஒன்றும் சொல்லவில்லையே?

வாலாஜா ஸ்டெல்லா:
ஜனவரி 19 வேதசாட்சி மாரியுஸ் திருநாள். பங்குச் சாமியார் மறுக்கமாட்டார். என் கவலை வேறு. எங்கள் தெருவாக இருந்தால் ஒரே வாரத்தில் "டேய் மாரி" ஆகிவிடும். ஆடியில் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள்.

காட்பாடிக்காரன்:
பக்கத்து வீட்டு ஆயா இப்போதே மாரி என்றுதான் கூப்பிடுகிறார், கூப்பிடட்டும். மச்சானுக்கு இதை அனுப்பினேன். "மார்ட்டின் புனிதர் பெயர்" என்று மட்டும் பதில். வாத்தியாரே, அந்த 'மரு' என்ன பதவி?

திருப்பத்தூர் வாத்தியார்:
எத்ருஸ்கக் கல்வெட்டுகளில் வருகிறது. ஊர் நிர்வாகமும் வழிபாட்டுக் காரியமும் கலந்த பொறுப்பு, நம் கோயில் தர்மகர்த்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்த உம்பிரியர்களும் அதே வேரிலிருந்து ஊர் அதிகாரிக்குப் பெயர் வைத்திருந்தார்கள். மச்சானிடம் இதையும் சொல்லுங்கள்.