கோவை உக்கடத்தில் கிடைத்த இழைப்புளி, துரு போக என்ன செய்யலாம்?

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு 240 ரூபாய்க்கு ஓர் இரும்பு இழைப்புளி வாங்கினேனுங்க. ரெக்கார்டு கம்பெனி, நெம்பர் 04, இங்கிலாந்துச் சரக்கு. எங்க அப்பாரு தச்சர். மர இழைப்புளி மட்டும்தான் வைத்திருந்தார். முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

—முதலில் அடியில் பிளேடு நீட்டும் வாய்ப்பகுதியில் விரிசல் இருக்கிறதா பாருங்க தம்பி. வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் அங்கேதான் விடும். விரிசல் இருந்தால் மெனக்கெடாதீங்க.

—கழற்றி, இரும்புப் பாகங்களை மட்டும் ஒரு ராத்திரி வினிகரில் போடுங்க. மறந்து நாலு நாள் விட்டால் இரும்பையே தின்றுவிடும் (என் உளி ஒன்று அப்படித்தான் போனது). அப்புறம் ஆப்பசோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்க.

—விரிசல் இல்லைங்க அண்ணா! கைப்பிடிதான் உடைசல். வீட்டில் பூவரசங்கட்டை கிடக்கிறது, அதில் செதுக்கிக்கொள்கிறேன்.