சென்சார் உற்பத்தியை மாதம் 200-லிருந்து 1000-க்குக் கொண்டுபோக எங்கே முதலில் கை வைப்பது?

கேள்வி

பீசோ வகை (அழுத்தினால் மின்சாரம் தரும் செராமிக் வைத்த) அதிர்வு சென்சாரும் (1 ஜி முடுக்கத்துக்கு 100 மில்லிவோல்ட்), எண்ணெய் நிரப்பிய டயஃப்ரம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து, பிரஷரை 4–20 மில்லியாம்ப் சிக்னலாகத் தரும் பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் செய்யும் சிறு கம்பெனி. இரண்டும் சேர்ந்து மாதம் 200. ஆர்டர் 1000-க்கு வந்து நிற்கிறது. அசெம்பிளிக்கு ஆள் சேர்த்து, இன்னொரு லேசர் வெல்டிங் மெஷின் வாங்கினால் போதும் என்கிறது நிர்வாகம். சரிவருமா?

பதில் 1

வெல்டிங் மெஷின் அப்புறம் பார்க்கலாம். பிரஷர் டிரான்ஸ்மிட்டரில் நேரத்தைத் தின்பது டெம்பரேச்சர் காம்பன்சேஷன், அதாவது சூடு-குளிரால் ரீடிங்கில் வரும் பிழையை அளந்து திருத்துவது. -20, 25, 85 டிகிரி என மூன்று நிலை, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரஷர் புள்ளி. ரீடிங் எடுக்கச் சில நிமிடம்தான்; ஓவன் அந்த வெப்பநிலைக்குப் போய், உள்ளே எண்ணெயும் சிப்பும் நிலைக்கு வரத்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் போகும். ஒரு சுற்றுக்கு 7 மணி என்று வையுங்கள். மேனிஃபோல்டில் (ஒரே பிரஷரைப் பல பீஸுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய் அமைப்பு) 16 போர்ட், ஒரு ஷிஃப்ட், 25 வேலை நாள்: மாதம் 400. அதற்குமேல் செய்ததெல்லாம் ஓவன் வாசலில் குவியும்.

பிரஷர் கன்ட்ரோலரையும் ஓவனையும் சாஃப்ட்வேரில் இணைத்து ராத்திரியும் ஆளில்லாமல் ஓடவிடுங்கள், 800 வரும். ஆனால் போர்ட்டை அடைக்கும் சாதாரண வைட்டான் ரப்பர் ஓ-ரிங் -20-ல் விறைத்துக் கசியலாம். அறை வெப்பநிலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கசிவு இருந்தால் கன்ட்ரோலர் காட்டும் பிரஷரும் போர்ட்டில் இருப்பதும் வேறாகி, அத்தனை பீஸிலும் தப்பான கோஎஃபிஷியன்ட் (திருத்த எண்) ஏறிவிடும். குளிர் நிலையிலேயே வால்வை மூடி 5 நிமிடம் பிரஷர் இறங்குகிறதா பாருங்கள். பிறகு 55 டிகிரியில் சாம்பிள் எடுத்துச் சோதியுங்கள். காம்பன்சேஷன் போட்ட அதே மூன்று புள்ளியில் சோதித்தால் எல்லாமே பாஸ்தான்.

பதில் 2

அதிர்வு சென்சாரில் சிக்கல் செராமிக்கில். போலிங் (அதிக வோல்டேஜ் கொடுத்து பீசோ குணத்தை ஏற்றுவது) முடிந்த பீசோ செராமிக்கின் சென்சிடிவிட்டி நேரத்தின் லாகரிதப்படி இறங்கும்: 1-ம் நாளிலிருந்து 10-ம் நாள் வரை எவ்வளவோ, 10-லிருந்து 100 வரை கிட்டத்தட்ட அவ்வளவே. அவசர ஆர்டர் என்று புது செராமிக் லாட்டை உடனே மாட்டி கேலிப்ரேட் செய்தால், சர்டிஃபிகேட்டில் 100 மில்லிவோல்ட் இருக்கும், வாடிக்கையாளர் கையில் குறைந்து நிற்கும். செராமிக் ஸ்டாக்கை முன்கூட்டியே வாங்கி, பழசாகும்வரை சும்மா வையுங்கள். அசெம்பிள் செய்தபின் சில சூடு-குளிர் சுற்று, அதற்கப்புறம்தான் ஐஎஸ்ஓ 16063-21 முறையில் ரெஃபரன்ஸ் சென்சாரோடு ஒப்பிட்டு கேலிப்ரேஷன். லாட்டைக் கெபாசிட்டன்ஸ்படி பிரித்து வைத்தால் கெயின் ட்ரிம் (ஒவ்வொரு பீஸின் சிக்னல் அளவையும் சரிக்கட்டும்) வேலை பெரும்பாலும் மிச்சம்.

பதில் 3

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் என் கணக்கில் கழுத்தைப் பிடிப்பது பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் வேரியன்ட் (மாடல் வகை) எண்ணிக்கைதான். 8 ரேஞ்ச், 5 த்ரெட், 4 கனெக்டர் என்றாலே 160 வகை. டயஃப்ரம் வரையான பாகத்தைப் பொதுவாகச் செய்து, த்ரெட்டையும் கனெக்டரையும் கடைசியில் மாட்டும்படி டிசைனை மாற்றுங்கள்.

இன்ட்ரின்ஸிக் சேஃப்டி சர்டிஃபிகேட் (வெடிக்கும் வாயு உள்ள இடத்திலும் தீப்பொறி வராது என்ற சான்று) இருந்தால் இன்னொன்று. பர்ச்சேஸ் ஆட்கள் சீனர் டயோடுக்கு (வோல்டேஜ் எல்லை மீறாமல் தடுக்கும் பாகம்) "அதே மாதிரி" ஒன்றைத் தாங்களாக வாங்கக்கூடாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம் மாறினால் சான்றளித்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அதுவரை சரக்கு நகராது.

கேட்டவர்

நன்றி. ஓவனிலிருந்தே தொடங்குகிறோம். கேஸை வெல்ட் செய்து மூடியபின், கசிவு இருக்கிறதா பார்க்க ஹீலியம் லீக் டெஸ்ட் மட்டும் போதுமா?

பதில் 2

போதாது. மூடிய கேஸை ஹீலியம் பிரஷரில் வைத்து எடுத்துச் சோதிக்கும்போது, ஓட்டை பெரிதாக இருந்தால் மெஷினில் வைப்பதற்குள் உள்ளே போன ஹீலியம் மொத்தமும் வெளியேறிவிடும். மெஷின் "நல்லது" என்று காட்டும். ஹீலியம் முடிந்த கையோடு சூடான ஃப்ளூரோகார்பன் திரவத்தில் முக்கி, குமிழ் வருகிறதா பாருங்கள்.