செக்ரோலில் யாருடைய பெயர்? தோட்டத்தை விட்டுப் போனவர்கள், நின்றவர்கள்

உறுப்பினர் ஒருவர்:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சீப்பூட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன் நான். 1980களின் பிற்பகுதியில் அண்ணன் பினாங்கு மாநிலத்துப் பிறைத் தொழிற்பேட்டைக்குப் புறப்பட்டபோது, எங்கள் வீட்டில் அவருடைய சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. இனிச் செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், யாருடைய பெயர் இருக்கும் என்பதே பேச்சாக இருந்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்து வீடு நிலைக்கும். அப்பாவுக்கோ 55 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் படிவம் முடித்திருந்த அக்கா, தட்டச்சு வகுப்பில் சேரும் எண்ணத்தைக் கைவிட்டு, விடியுமுன் வாளியும் உளியுமாகப் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகத் தொடங்கினார். அவர் நின்றதால்தான் அண்ணனால் போக முடிந்தது. இடப்பெயர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் போனவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

எங்கள் பிழைப்பில் கூலி ஒரு பாதிதான். லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் மூன்று பசுக்கள் இருந்தன. அம்மா கறந்து கொடுத்த பாலைச் சைக்கிளில் கொண்டுபோய் டவுனில் ஊற்றிவிட்டுத்தான் நான் பள்ளிக்குப் போவேன். எங்கள் ஊர்க்காரரும் அந்நாளைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க 1960-இல் தொடங்கிவைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது என்றாலும், மாடு மேய்ந்ததும் கீரை முளைத்ததும் கம்பெனி நிலத்தில். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளின் ஓலையைக் கடித்துவிடும் என்று மாடுகளை நிர்வாகம் தடுத்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கு வேண்டிய அளவு ஆளும் செம்பனைக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்று பசுக்களையும் விற்றோம். பிறகு அண்ணனோடு பட்டர்வொர்த் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். அங்கே முதல் நாள் தேநீர் கலக்கும்போது பால் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மா, "இதுக்கும் காசா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனின் சம்பளம் அப்பாவுடையதைப் போல இரண்டு மடங்கு. வாடகை, பஸ், எரிவாயு, காய்கறி எல்லாம் போக மிஞ்சியது பழைய அளவுதான்.

மற்றோர் உறுப்பினர்:

நான் அதே டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் தந்தையின் காலத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பற்றுப் புத்தகம் இருந்தது. சம்பள நாளன்று கணக்குத் தீர்ந்து மறுநாளே புதுக் கணக்கு தொடங்கும். இன்று தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். 2013-இல் 900 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்திருப்பது நியாயமே. ஆனால், வீட்டைப் பிரிந்து தனியாக வந்து உழைப்பவர்கள் அரிசி, முட்டை, உருளைக்கிழங்கு வாங்கியதுபோக மீதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் தவறு சொல்ல எனக்கு வாயில்லை. கடல் தாண்டி வந்த எங்கள் தாத்தாவும் அப்படித்தான் செய்தார்.

தீபாவளிக்கு முந்திய வாரத்திலாவது கடை நிறையும் என்று நினைப்பேன். கோலாலம்பூர்ப் பக்கத்து நகரங்களான கிள்ளானிலும் பூச்சோங்கிலும் இருந்து வரும் பிள்ளைகள், அங்குள்ள பேரங்காடியிலேயே முறுக்கு மாவு வரை வாங்கிக் காரில் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். தேங்காய் மட்டும் என்னிடம். சென்ற ஆண்டு கடையின் முன்பகுதியைத் தடுத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் நிலையம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். பல மாதங்களில் மளிகையைவிட அந்த வாடகைதான் கைக்கு நிற்கிறது.