ஒரே வீட்டில் ரெண்டு ரவுட்டர்: வளவுக்கு அந்தப் பக்கம் கனெக்ட் ஆகுது, நெட் வரலை

வளவோரம் கேட்டது:

வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. இந்தத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல். ஃபைபர் பெட்டி முகப்பை ஒட்டின அறையில இருக்கு, அதுலயே வைஃபையும் வருது. வளவை, அதான் நடுமுற்றத்தை, தாண்டினா சிக்னல் எடுக்கறதில்ல. அதனால இரண்டாங்கட்டுல தனியா ஒரு ரவுட்டர் வெச்சிருக்கு. முன்னாடிப் பெட்டியோட லேன் போர்ட்டுல (வீட்டுக்குள்ள நெட் கொடுக்கிற துளை) இருந்து சுமார் 40 மீட்டர் கேபிள் இழுத்து, பின்னாடி ரவுட்டரோட லேன் போர்ட்டுல சொருகியிருக்கு.

சில போன்ல நெட் நல்லா வருது. சிலதுல வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா "இன்டர்நெட் இல்லை"ன்னு காட்டுது. நல்லா வர்ற போன்ல ஐபி (போனோட முகவரி) 192.168.1.7, கேட்வே (வெளியே போற வாசல்) 192.168.1.1. வராத போன்ல ஐபி 192.168.0.104, கேட்வே 192.168.0.1. முகப்புல நிக்கிற போனுக்கே சில நேரம் 192.168.0 வந்து நெட் நின்னுடுது. பின்னாடி ரவுட்டரை அணைச்சுட்டு போனை மறுபடி சேர்த்தா சரியாயிடுது. முகப்பு அறையில இருக்கிற பிரிண்டரும் பாதி நேரம் கண்ணுக்குத் தெரியறதில்ல.

இன்னொண்ணு. அடுத்த மாசம் வீட்டுல படைப்பு, முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடற விழா. பங்காளிகள் 200 பேர் வரைக்கும் வருவாங்க. இந்த ஏற்பாடு தாங்குமா?

எட்டுக்கம்பி:

ஐபி, கேட்வே ரெண்டையும் எழுதினது ரொம்ப உபயோகம். அதுலயே விடை இருக்கு. உங்க வீட்டுல முகவரி கொடுக்கிறவங்க ரெண்டு பேர்.

போன் வைஃபைல சேர்ந்ததும் அதுக்கு முகவரி கிடையாது. "யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்க"ன்னு நெட்வொர்க் முழுக்கக் கேட்கிற மாதிரி கூவும். டிஹெச்சிபி வேலை, அதாவது முகவரி கொடுக்கிற வேலை, பார்க்கிற பெட்டி "இதை வெச்சுக்க"ன்னு ஒரு முகவரி நீட்டும். போன் "சரி, இதையே எடுத்துக்கறேன்"னு சொல்லும். பெட்டி உறுதி பண்ணி, கூடவே கேட்வே யாரு, டிஎன்எஸ் (வெப்சைட் பேரை எண்ணா மாத்திக் கொடுக்கிறது) யாரு, எத்தனை மணி நேரத்துக்கு இந்த முகவரின்னும் சொல்லிடும். கேட்கிறது யுடிபி 68ஆம் போர்ட்டுல, கொடுக்கிறது 67ல (இந்தப் போர்ட் கேபிள் சொருகற இடமில்ல, மென்பொருளோட வாசல் எண்). இதுல "நான்தான் அதிகாரி"ன்னு நிரூபிக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. பெரும்பாலும் எந்தப் பெட்டி முதல்ல நீட்டுதோ அதைத்தான் போன் வாங்கிக்கும்.

நீங்க லேனுக்கு லேன் சொருகினதால ரெண்டு பெட்டியும் ஒரே கூடத்துல உட்கார்ந்த மாதிரி. முகப்புல இருந்து கூவினாலும் பின்னாடி ரவுட்டருக்குக் கேட்கும். அது முந்திக்கிட்டா 192.168.0 வரிசையில முகவரி கொடுத்து, "வெளியே போகணும்னா என் வழியா போ"ன்னு சொல்லிடும். ஆனா வெளி நெட் உள்ளே வர்ற அதோட வேன் போர்ட்டுல ஒண்ணுமே சொருகலை. அதுக்கு வெளிவாசலே இல்ல. போன் அனுப்பற பாக்கெட் அங்கேயே நின்னுடும். பிரிண்டர் தெரியாததும் இதே காரணம்தான். அது 192.168.1 வரிசையில இருக்கு, தேடற போன் 192.168.0 வரிசையில இருக்கு.

செய்ய வேண்டியது: ரெண்டு ரவுட்டருக்கும் நடுவுல ஓடற கேபிளை முதல்ல கழற்றிடுங்க. ஒரு லேப்டாப்பைக் கேபிள் போட்டு பின்னாடி ரவுட்டருல மட்டும் சேருங்க. லேப்டாப் வைஃபை அணைஞ்சிருக்கணும். பிரௌசர்ல 192.168.0.1 போட்டு உள்ளே போய், லேன் செட்டிங்ல அதோட சொந்த முகவரியை 192.168.1.2ன்னும் மாஸ்க்கை (எதெல்லாம் ஒரே வரிசைன்னு சொல்ற எண்) 255.255.255.0ன்னும் மாத்துங்க. சேமிச்சதும் பிரௌசர்ல அந்த செட்டிங் பக்கம் மறைஞ்சுடும், பயப்பட வேண்டாம். லேப்டாப் கேபிளைக் கழற்றி மாட்டிட்டு 192.168.1.2 போட்டுத் திறந்து, அப்புறம் டிஹெச்சிபியை அணைங்க. இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை முதல்ல அணைச்சா லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லாம 169.254ன்னு ஆரம்பிக்கிற எண் தானா வந்து உட்கார்ந்துக்கும், ரவுட்டர் பக்கமே திறக்காது. அப்படி ஆயிட்டா, மாத்தறதுக்கு முன்னாடி லேப்டாப்புல கையால 192.168.0.50 போடுங்க, மாத்தின பிறகுன்னா 192.168.1.50.

கடைசியா பழையபடி லேனுக்கு லேன் கேபிளைச் சொருகுங்க. வேன் போர்ட் காலியாவே இருக்கட்டும். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணா வெச்சு, 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் முன்னாடி 1, பின்னாடி 11ன்னு வையுங்க. எல்லாப் போனுலயும் ஒரு தடவை வைஃபையை அணைச்சுப் போடணும், இல்லாட்டி பழைய முகவரியையே பிடிச்சுக்கிட்டு இருக்கும்.

பின்னாடி ரவுட்டருக்கு 192.168.1.1ன்னு மட்டும் கொடுத்துடாதீங்க. ஒரே நெட்வொர்க்குல ரெண்டு பெட்டி ஒரே எண்ணைச் சொன்னா, எந்த நேரம் எது பதில் சொல்லும்னு தெரியாது. இப்ப இருக்கிறதை விட மோசமாயிடும்.

பின்கட்டு:

இவ்வளவு எதுக்கு? கேபிளைப் பின்னாடி ரவுட்டரோட வேன் போர்ட்டுல மாத்திச் சொருகினா போதுமே. எந்த செட்டிங்கும் தொட வேண்டாம், நெட் வந்துடும்.

எட்டுக்கம்பி:

நெட் வரும், உண்மைதான். ஆனா வீடு ரெண்டு நெட்வொர்க்காப் பிரிஞ்சுடும். பின்னாடி ரவுட்டர் ஒரு தடவை முகவரியை மாத்தி அனுப்பும், முன்னாடிப் பெட்டி இன்னொரு தடவை மாத்தும். பின்னாடி இருக்கிற போன்ல முகப்புப் பிரிண்டரைத் தேடினா பட்டியல்ல வராது, ஏன்னா "இங்கே பிரிண்டர் யாரு"ங்கிற கூவல் ரவுட்டரைத் தாண்டாது. ஐபியைக் கையால போட்டா மட்டும் பிரிண்ட் ஆகும். பின்கட்டுல ஒரு கேமரா வெச்சா முகப்புல இருந்து அதை நேராப் பார்க்க முடியாது. வீடியோ பார்க்கறது மட்டும்தான் வேலைன்னா உங்க வழி போதும். பிரிண்டர் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது.

சில ரவுட்டர்ல "ஆக்சஸ் பாயின்ட் மோடு"ன்னே ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினா நான் மேலே சொன்ன வேலை முழுக்க அதுவே பண்ணிக்கும். முதல்ல அது இருக்கான்னு பாருங்க.

தேவகோட்டை கேபிள்:

செட்டிங் பத்தி அண்ணன் சொல்லிட்டார். நான் கம்பியைப் பத்திச் சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி வீடுகள்ல பாதிப் பிரச்சினை அங்கேதான்.

கேபிள் போட்டது நல்ல முடிவு. ரிப்பீட்டர் வாங்கியிருந்தா காசு தண்டம். நம்ம பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் கனம் அப்படி, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டு சுவருக்கு மேல போறது கஷ்டம். ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திருப்பிக் கொடுக்கிற ரிப்பீட்டர்னா வேகமும் பாதியாயிடும்.

40 மீட்டர் ஒரு தூரமே இல்ல, ஈத்தர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் வரைக்கும் கணக்கு. ஆனா கேபிள் முழுச் செம்பா இருக்கணும். அலுமினியக் கம்பி மேல செம்பு பூசினது விலை குறைவாக் கிடைக்கும். ஒரு கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளை மின்னினா அது அலுமினியம். மடக்கினா சீக்கிரம் ஒடியும், தூரம் போகப் போக சிக்னலும் தேயும். வளவு திறந்த வெளி, மழையும் வெயிலும் நேரா விழுற இடம். அங்கே வெளிப்புறத்துக்குன்னு வர்ற கறுப்பு உறை போட்ட கேபிள் வேணும். தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டியே கொண்டு போகலாம். ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் துளைக்காதீங்க, அதைப் பழையபடி ஆக்க முடியாது. கரண்ட் வயரோட ஒரே பைப்புலயும் போடக் கூடாது.

கிரிம்ப் பண்ணும்போது, அதாவது கேபிள் முனையில பிளக் அழுத்தி மாட்டும்போது, வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நிறையப் பேர் பச்சை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுடறாங்க. ரெண்டு முனையிலயும் அதே மாதிரி வெச்சா டெஸ்டர்ல எட்டு விளக்கும் சரியா எரியும், ஆனா நெட் விட்டு விட்டு வரும். காரணம், 3ஆம் பின்னும் 6ஆம் பின்னும் ஒரு சோடி. அந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கின கம்பியாத்தான் இருக்கணும். முறுக்குதான் பக்கத்துச் சோடியோட இரைச்சலை அடக்குது. அதனாலதான் பிளக் உள்ளேயும் அரை அங்குலத்துக்கு மேல முறுக்கைப் பிரிக்க வேண்டாம்ங்கறது. வெளி உறை பிளக்குக்குள்ள போய் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அதைக் கடிச்சுப் பிடிக்கணும். உறை வெளியே நின்னா இழுப்பு முழுக்கக் கம்பி மேல விழும், நாளாவட்டத்துல ஒண்ணு கழண்டுடும்.

100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 நாலு கம்பி போதும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலத்துல ஒண்ணு விட்டுப் போனா நெட் நிக்காது, வேகம் 100க்கு இறங்கிடும். 300 மெகாபிட் பிளான் போட்டும் பின்கட்டுல 94, 95க்கு மேல ஏறலைன்னா கிரிம்ப்பைப் பாருங்க. ரெண்டு பெட்டியோட போர்ட்டும் கிகாபிட்தானான்னும் பாருங்க.

பின்வாசல் தாண்டித் தனிக் கட்டடத்துக்கு லைன் வேணும்னா செம்புக் கேபிள் போடாதீங்க. பக்கத்துல எங்கேயாவது இடி விழுந்தா ரெண்டு பக்கப் பெட்டியும் சேர்ந்து போகும். அங்கே ஃபைபரும் ரெண்டு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரைச் செம்புக் கேபிளோட இணைக்கிற பெட்டி)தான் சரி.

வளவோரம்:

ரொம்ப நன்றி. ஆக்சஸ் பாயின்ட் மோடு அந்த ரவுட்டர்ல இல்ல, அதனால கையாலயே மாத்தியாச்சு. இப்ப எல்லாத்துக்கும் 192.168.1 வருது, பிரிண்டர் ரெண்டு பக்கமும் தெரியுது. ஒரே ஒரு லேப்டாப் மட்டும் மக்கர். வெளியே இருக்கிற 8.8.8.8க்கு பிங் (பதில் வருதான்னு பார்க்கிற சோதனை) போட்டா பதில் வருது. எந்த வெப்சைட்டும் திறக்கலை.

எட்டுக்கம்பி:

பிங்குக்குப் பதில் வந்தா வழி சரியா இருக்குன்னு அர்த்தம். பேரை எண்ணா மாத்தறதுதான் நடக்கலை. அந்த லேப்டாப்புல யாரோ டிஎன்எஸ்ஸைக் கையால 192.168.0.1ன்னு போட்டிருப்பாங்க. அந்த எண்ணுல இப்ப யாருமே இல்ல. கமாண்ட் பிராம்ப்ட்டுல ஐபிகான்ஃபிக் எழுதி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஆல்னு கொடுத்தா டிஎன்எஸ் சர்வர் எதுன்னு வரும். அதைத் "தானாகப் பெறு"ன்னு மாத்துங்க.

நெட் இல்லைன்னா எப்பவும் கீழே இருந்து மேலே வரணும். போர்ட் விளக்கு எரியுதா, ஐபி சரியான வரிசையில இருக்கா, 192.168.1.1க்கு பிங் போகுதா, 8.8.8.8க்குப் போகுதா, கடைசியா ஒரு பேருக்குப் போகுதா. எந்தப் படியில நிக்குதோ அதுலதான் பழுது. ஒவ்வொரு படியும் தனித் தனி விதி. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்னைக்கு இப்ப நாம பயன்படுத்தற டிசிபி/ஐபி விதிமுறைக்கு மாறினதுல இருந்து இந்த அடுக்கு அப்படியே இருக்கு. டிஎன்எஸ் விதிமுறை எழுதினதும் அதே வருஷம்தான்.

பள்ளத்தூர் நெட்:

படைப்புக்கு வருவோம். 200 பேர் வந்தா முதல்ல தீர்றது முகவரிதான், வேகம் அப்புறம்.

முன்னாடிப் பெட்டியில டிஹெச்சிபி வரம்பைப் பாருங்க. 192.168.1.100 முதல் 199 வரைன்னு இருந்தா மொத்தம் 100 முகவரி. லீஸ், அதாவது ஒரு முகவரியை ஒருத்தருக்கு ஒதுக்கற நேரம், 24 மணி நேரம்னா, காலையில வந்து சாப்பிட்டுப் போனவரோட போனுக்கும் மறுநாள் வரைக்கும் ஒரு எண் ஒதுக்கியே இருக்கும். மதியம் வர்றவருக்கு "ஐபி முகவரி பெறுகிறது"ன்னு சுத்திக்கிட்டே நிக்கும். வரம்பை 192.168.1.50 முதல் 250ன்னு வையுங்க, 201 முகவரி கிடைக்கும். லீஸை 2 மணி நேரமாக் குறைங்க. அதைச் சேமிச்சுட்டு முந்தின நாளே பெட்டியை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க. பிரிண்டர், கேமரா, பின்கட்டு ரவுட்டர் எல்லாம் 2 முதல் 49க்குள்ள நிலையான எண்ணுல இருக்கட்டும், வர்ற கூட்டம் அதைத் தொடாது.

அதுவும் பத்தாதுன்னா மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கலாம், 510 முகவரி வரும். ஆனா நிலையான எண் போட்ட ஒவ்வொண்ணுலயும் அதே மாஸ்க்கை மாத்தணும், ஒண்ணு விட்டாலும் பாதிப் பேருக்கு அது தெரியாது. உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். போன் எல்லாம் ஒரே நேரத்துல வைஃபைல இருக்காது.

ரேடியோ விஷயம் வேற. வீட்டு ரவுட்டர் ஒண்ணுல ஒரே நேரத்துல 30, 40 பேர் வீடியோ பார்த்தா அது திணறும், பிளான் எவ்வளவு பெருசா இருந்தாலும். பந்தி நடக்கிற இடத்துக்கு அன்னைக்கு மட்டும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் கூடுதலாப் போடுங்க, 2.4ல சேனல் 6. விருந்தாளிகளை வீட்டு நெட்வொர்க்குல இருந்து பிரிச்சு வைக்கிற கெஸ்ட் வைஃபையை முன்னாடிப் பெட்டியில மட்டும் போடுங்க. டிஹெச்சிபி அணைச்ச பின்னாடி ரவுட்டர்ல கெஸ்ட் போட்டா பல மாடல்ல அது பிரிக்கவே பிரிக்காது, வந்தவங்க எல்லாருக்கும் உங்க பிரிண்டரும் கேமராவும் தெரியும்.

வளவோரம்:

நன்றி அண்ணே. கடைசியா ஒண்ணு. மலேசியாவுல இருக்கிற சொந்தக்காரங்க வளவு கேமராவை அங்கே இருந்து பார்க்கணும்ங்கறாங்க. வெளியே இருந்து வர்ற அழைப்பை கேமராவுக்குத் திருப்பி விடற போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வரலை.

பள்ளத்தூர் நெட்:

முன்னாடிப் பெட்டியில வேன் ஐபின்னு என்ன காட்டுது? 100.64 முதல் 100.127க்குள்ள ஆரம்பிச்சா ஃபார்வர்டிங் என்ன போட்டாலும் வேலைக்காகாது.

192.168 வரிசை "இரண்டாங்கட்டு வடக்கு அறை"ங்கிற மாதிரி. எல்லா வீட்டுலயும் அப்படி ஒரு அறை உண்டு, தபால்காரரிடம் அதை மட்டும் சொன்னா எங்கே கொண்டு வருவார்? 1996ல வந்த ஆர்.எஃப்.சி. 1918ங்கிற இன்டர்நெட் விதிக் குறிப்பு இதுக்குன்னே 10, 172.16 முதல் 172.31, 192.168 மூணு வரிசையையும் ஒதுக்கிச்சு. நாம இதுவரைக்கும் பேசின இந்த நாலு எண் முகவரிதான் ஐபிவி4. மொத்தமே சுமார் 430 கோடி ஐபிவி4 முகவரிதான், அது பத்தலை. அதனால சேவை தர்ற கம்பெனிகளும் நூற்றுக்கணக்கான வீட்டை ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி வைக்கிறாங்க. அந்த நடு வரிசைதான் 2012ல ஒதுக்கின 100.64. வெளியே இருந்து வர்ற அழைப்பு அந்தக் கம்பெனி வாசல்லயே நின்னுடும், உங்க ரவுட்டர் வரைக்கும் வராது.

வழி மூணு. கேமராவோட சொந்த ஆப் வழியாப் பார்க்கலாம், அதுல கேமராதான் வெளியே போய்த் தொடர்பு எடுக்கும். ரெண்டு பக்கமும் ஐபிவி6 (இதை விட நீளமான புது வகை முகவரி) இருந்து, கேமராவும் அதை ஏத்துக்கிட்டா, பெட்டியோட ஃபயர்வாலில் அந்தக் கேமராவுக்கு மட்டும் வழி விடலாம். இல்லாட்டி கம்பெனியில மாசக் கட்டணத்துக்கு ஒரு நிலையான பொது ஐபி வாங்கணும். எதைச் செஞ்சாலும் கேமராவோட வந்த பாஸ்வேர்டை முதல்ல மாத்திடுங்க.